நிழலை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

"கானாடுகாத்தான் வீடு, இந்த மே மாதம் உச்சிவேளையில் எடுத்த படம், விலைக்கு வருகிறது" என்று வாட்ஸப்பில் வந்ததாம். அது நிஜமாகவே நம்ம செட்டிநாட்டுப் பகுதியில் இருக்கும் வீடுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது எனக் காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் படிகள் பலருக்கும் தெரிந்தவை. படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் குறிப்பு வாட்ஸப்பில் படமாக அனுப்பும்போதே போய்விடும். கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், கடைப் பலகையைப் படியுங்கள். வாசலில் நிற்கும் வண்டி டிஎன் 63 என்றால் சிவகங்கை, 55 என்றால் புதுக்கோட்டை, ஆனால் வண்டி எந்த ஊருக்கும் போகும். ஆத்தங்குடித் தரைக்கல்லும் தேக்குத் தூணும் இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள், இரண்டையும் வெளியூர் ரிசார்ட்டுகளிலும் பார்க்கலாம்.

சரி, நிழலுக்கு வருவோம், எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். காரைக்குடி இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். எனவே தெருவின் திசையை மேப்பில் பார்த்துக்கொண்டு, அந்த மே மாதப் படத்தில் கரண்டு கம்பத்தின் நிழல் வடக்கே விழுந்திருந்தால் மாதமோ நேரமோ இடமோ ஏதோ ஒன்று பொய்.

நிழலின் நீளம் இன்னும் அழகான விஷயம். கம்பமும் நிழலும் சம நீளம் என்றால் சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதே நொடியில் பூமியில் ஏதோ ஓர் இடத்துக்கு அது நேர் உச்சியில் இருக்கும், நேரம் தெரிந்தால் அந்த இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், 45 டிகிரிக்குச் சுமார் 5,000. அந்த இடத்தை மையமாக வைத்து அத்தனை தூரத்தில் ஒரு வட்டம் போட்டால், படம் எடுத்தவர் அந்த வட்டத்தின் மேல்தான் எங்கோ நின்றிருக்க வேண்டும்! அதே இடத்தில் வேறு நேரத்தில் எடுத்த இன்னொரு படம் இருந்தால் இரண்டாவது வட்டம் கிடைக்கும், இரண்டும் வெட்டும் இரு புள்ளிகளில் ஒன்று உங்கள் ஊர். 1837-இல் கப்பல் தலைவர் தாமஸ் சம்னர் நடுக்கடலில் கண்டறிந்த முறையின் அடிப்படை இதுதான். கணக்குப் போடச் சிரமமாக இருந்தால் சன்கால்க் இணையதளத்தில் இடம், தேதி, நேரம் கொடுங்கள், நிழலின் திசையும் நீளமும் வந்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் பகிர்கிறார்கள். தாராளமாக விழுகிறது, மாலையில் போய் நின்று பார்க்கலாம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு குச்சி நட்டுப் பிள்ளைகளை ஆண்டு முழுக்க நிழல் அளக்க விட்டாலே இந்தக் கதையெல்லாம் நிற்காது, அதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஆனால் நிழலை வைத்துச் சூரியனின் உயரத்தைக் கணக்கிடுவதில் ஒரு டிகிரி தவறினாலே 111 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவோம் என்பதால், காரைக்குடியா தேவகோட்டையா என்று நிழல் சொல்லாது. அதற்குச் செயற்கைக்கோள் படம் வேண்டும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பெரிய வீடுகள் மேலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். முற்றங்களை எண்ணுங்கள், ஊருணி எந்தப் பக்கம், கோபுரம் எவ்வளவு தள்ளி என்று ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்கும் போய்ப் பாருங்கள், வீட்டை இடித்தே விற்றிருக்கலாம்.