திரை இல்லாத சர்வரின் சன்னல் உங்கள் லேப்டாப்பில்

டேட்டா சென்டரில் இருக்கும் லினக்ஸ் சர்வருக்கு மானிட்டரே கிடையாது. ஆனாலும் அதில் ஓடும் ஜிம்ப் என்ற படத்திருத்த நிரல், உங்கள் லேப்டாப்பில் சன்னலாகத் திறக்கிறது. காரணம், எம்ஐடியில் 1984இல் தொடங்கிய எக்ஸ் விண்டோ சிஸ்டம். 1987இல் வந்த அதன் 11ஆம் பதிப்புதான் இன்றும் ஓடுகிறது.

இதில் பெயர்கள் தலைகீழ். திரையும் கீபோர்டும் எங்கே இருக்கிறதோ அதுதான் எக்ஸ் சர்வர். அதாவது உங்கள் லேப்டாப். தூரத்தில் ஓடும் ஜிம்ப் வெறும் கிளையன்ட். 'இங்கே இதை வரை' என்று அது கேட்கும். லேப்டாப் வரைந்துவிட்டு, மவுஸ் கிளிக்குகளை அதற்கு அனுப்பும். அதனால் மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ், விண்டோஸில் விசிஎக்ஸ்சர்வ் போன்ற ஒன்று முதலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தூரத்துக் கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கட்டளையில் ஒரு ஹைஃபனும் பெரிய எக்ஸும் சேர்த்து லாகின் செய்தால், தூரத்துச் சர்வரில் பின்னணியில் ஓடும் எஸ்எஸ்ஹெச் டீமன் 6010ஆம் போர்ட்டில் ஒரு போலித் திரையைத் திறந்துவைக்கும். கூடவே டிஸ்ப்ளே என்ற மாறியில் 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்று எழுதிவிடும். (எக்ஸ் போர்ட்கள் தொடங்கும் 6000உடன் திரை எண் 10, கணக்கு அவ்வளவுதான்.) ஜிம்ப் பக்கத்திலேயே திரை இருப்பதாக நம்பி அங்கே வரையும், வரைந்ததெல்லாம் குறியாக்கம் ஆகி உங்களிடம் வரும். நுழைவுச்சீட்டாக இருக்கும் 128 பிட் குக்கீயிலும் ஒரு தந்திரம்: நிஜக் குக்கீ லேப்டாப்பை விட்டு வெளியே போவதில்லை. தூரத்துச் சர்வருக்குக் கிடைப்பது போலி. திரும்பி வரும்போது எஸ்எஸ்ஹெச் அதை நிஜத்தால் மாற்றிக்கொள்ளும்.

'டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை' என்று வந்தால், முதலில் சர்வரில் அந்த டிஸ்ப்ளே மாறியை எக்கோ கட்டளையால் அச்சிட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால், டீமனின் கான்ஃபிக் ஃபைலில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் 'நோ' என்றிருக்கும், அல்லது சர்வரில் குக்கீயைப் பதிந்துவைக்கும் எக்ஸ்ஆத் நிரல் இருக்காது. குறைந்தபட்ச இன்ஸ்டாலேஷன்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். சரிசெய்தபின் வெளியேறி மறுபடி லாகின் செய்ய வேண்டும். மாறியில் மதிப்பு இருந்தும் திறக்கவில்லையா? சூடோ போட்டு வேறு பயனராக மாறியிருப்பீர்கள். குக்கீ பழைய பயனரின் ஹோமில் கிடக்கும். டிஸ்க் நிரம்பி, குக்கீயை எழுதவே இடமில்லாமல் போவதும் உண்டு.

20 நிமிடம் கழித்துப் புதிய சன்னல் திறக்க மறுத்தால் அது கோளாறல்ல, பெரிய எக்ஸ் தரும் 'நம்பகமற்ற' இணைப்புக்கான காலக்கெடு. எக்ஸுக்குப் பதில் பெரிய ஒய் போட்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். ஆனால் சர்வரில் ரூட் எனும் முழு அதிகாரம் வைத்திருப்பவர் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைக்கூடப் படிக்கலாம். லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் இருந்தால் பெரிய எக்ஸும் பெரிய ஒய்யும் ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியாது.

வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பேண்ட்வித் அல்ல, தாமதம். ஒரு மெனு திறக்கவே நிரல் பலமுறை கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். 200 மில்லிசெகண்ட் தூரத்தில் பத்து முறை காத்திருந்தால் 2 விநாடி. கம்ப்ரஷன் போட்டாலும் இது குறையாது. அப்படிப்பட்ட இணைப்பில் எக்ஸ்பிரா என்ற நிரல் மேல்: கேள்வி பதிலையெல்லாம் சர்வரிலேயே முடித்து, படத்தை மட்டும் அனுப்பும். நடுவில் நெட் அறுந்தாலும் நிரல் சாகாது.