ஜிஐ பைப்பும் செம்பும் சேரும் இடத்தில்

ஏற்காட்டுக் குளிருக்காகப் பழைய ஜிஐ இரும்புக் குழாய் லைனில் கீசர் மாட்டி, அதிலிருந்து செம்புக் குழாய் இழுத்திருக்கும் வீடுகளில், இரண்டு உலோகமும் சேரும் மரையைப் பாருங்கள். சில வருடங்களில் அங்கே துரு பூத்து, நீர் கசியத் தொடங்கும். பழி பிளம்பர் மேல் விழும்: சரியாக முடுக்கவில்லை, டேப் போதவில்லை என்று. பெரும்பாலும் காரணம் அதுவல்ல. அந்த மூட்டு ஒரு பேட்டரியாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

வோல்டா 1800-இல் செய்த மின்கலத்தில் இரண்டு வேறு உலோகங்களும் நடுவே உப்பு நீரில் நனைந்த அட்டையும் இருந்தன. இங்கேயும் அதே ஏற்பாடுதான். ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. மின்னழுத்த வரிசையில் துத்தநாகம் −0.76 வோல்ட், இரும்பு −0.44, செம்பு +0.34. எண் குறைவாக உள்ள உலோகம் எலக்ட்ரானை விட்டுக் கரையும். முதலில் பூச்சு போகும், அப்புறம் இரும்பு. செம்பு அப்படியே இருக்கும். உப்பு மிகுந்த போர் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், சேலத்தில் போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

அப்படியென்றால் ஜிஐ லைனில் மாட்டிய, செம்பு கலந்த பித்தளை வால்வுகள் மட்டும் எப்படி வருடக்கணக்கில் தாங்குகின்றன? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்த உலோகம் எவ்வளவு பரப்பு என்பதுதான் கணக்கு. சிறிய பித்தளை வால்வுக்கு எதிரே நீளமான இரும்புக் குழாய் இருந்தால், அரிப்பு பரவலாகப் பிரிந்து மெதுவாக நடக்கும். அதைத் திருப்பிப் போடுங்கள்: இரண்டு பக்கமும் செம்புக் குழாய், நடுவே இரண்டங்குல ஜிஐ நிப்பிள் (இரு முனையிலும் மரையுள்ள குட்டைக் குழாய்). அரிப்பு முழுவதும் அந்த நிப்பிளின் மேல் இறங்கும். செலவை மிச்சப்படுத்த அப்படி ஒரு நிப்பிள் போடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

டெஃப்லான் டேப் காப்பாற்றாது. முடுக்கும்போது மரையின் முனை டேப்பைக் கிழித்து, உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும். தொடர்பு அறவேண்டும் என்றால் ரப்பர் வாஷரும் பிளாஸ்டிக் புஷ்ஷும் உள்ள யூனியன் (இரண்டு குழாய்களைச் சேர்க்கும் இணைப்பு) வேண்டும், அல்லது நடுவே ஒரு துண்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய். இரண்டும் இல்லாவிட்டால் பித்தளை வால்வு ஒன்றையாவது நடுவே வையுங்கள். ஓரளவு தாங்கும்.

நீர் ஓடும் திசையும் முக்கியம். செம்பைத் தாண்டி வரும் நீரில் துளியளவு செம்பு கரைந்திருக்கும். அது அடுத்துவரும் ஜிஐ குழாயின் உட்புறம் படிந்து, படிந்த இடத்திலெல்லாம் குட்டிப் பேட்டரியாகிக் குழி பறிக்கும். நடுவே பிளாஸ்டிக் வைத்தாலும் இதைத் தடுக்க முடியாது. அதனால் ஜிஐ முன்னால், செம்பு பின்னால்.

இதே அரிப்பை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். எஃகுத் தொட்டி கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி (−2.37 வோல்ட்) தான் கரைந்து தொட்டியைக் காக்கிறது. ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் வெள்ளை மேக்னசைட் கல்லில் இருப்பதும் இந்த மெக்னீசியம்தான். வருடம் ஒருமுறை கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் எஃகு இழை வெளியே தெரிந்தால் புதிது போட வேண்டும்.