நாலுகால் பாய்ச்சலும் இரண்டு கொட்டாங்கச்சியும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய அமெரிக்க வானொலி நாடகம் ஒன்றை இணையத்தில் கேட்டேன். குதிரை ஓடுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, மரப்பலகையில் பூட்ஸ் நடக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குள் குதிரையைக் கூட்டி வந்தார்களா?"

இல்லை. கொட்டாங்கச்சி வந்தது.

அவர் கேட்டது 'கன்ஸ்மோக்'. சி.பி.எஸ். வானொலியில் 1952 ஏப்ரல் 26 முதல் 1961 ஜூன் 18 வரை ஓடிய தொடர். 1870களின் கான்சாஸ், டாட்ஜ் சிட்டி என்ற ஊர், அங்கே சட்டத்தைக் காக்கும் மார்ஷல் மாட் டில்லன். டில்லனாக நடித்த வில்லியம் கான்ராட்டின் கனத்த குரலுக்காகவே கேட்கலாம். ஆனால் எனக்கு அதில் நாயகர்கள் வேறு ஆட்கள். டாம் ஹான்லி, ரே கெம்பர், பில் ஜேம்ஸ் என்ற ஒலி விளைவுக்காரர்கள். வசனமே இல்லாமல் காலடிச் சத்தமும் தூரத்து நாய்க் குரைப்புமாகக் காட்சி நகரும். அந்த இடைவெளிகளை நிரப்பியது அவர்கள்தான்.

சரி, ஏன் நிஜக் குதிரை இல்லை? குதிரைக்கு ஸ்கிரிப்ட் படிக்கத் தெரியாது. "நில்" என்ற வசனத்துக்குச் சரியாக அது நிற்க வேண்டும், அடுத்த வசனத்தில் மெல்ல நகர வேண்டும். துப்பாக்கிக்கும் இதே கதைதான். ஸ்டுடியோவுக்குள் வெற்றுத் தோட்டா வெடித்தால் சத்தம் மைக்கின் தாங்குசக்தியைத் தாண்டிவிடும். வெடிப்பு என்பது சில மில்லி நொடிச் சமாசாரம். 'டுமீல்' என்று நாம் நினைவில் வைத்திருப்பதில் பெரும்பகுதி மலையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய எதிரொலி. ஒலியை உறிஞ்சிவிடும் ஸ்டுடியோ அறையில் அந்த எதிரொலிக்கு வழியில்லை, 'பட்' என்று பட்டாசு போல முடிந்துவிடும். அதனால் தோல் மெத்தையைப் பிரம்பால் அடிப்பது பல ஸ்டுடியோக்களில் வழக்கம். திறந்தவெளியில் பதிவு செய்த வெடியோசையையும் வைத்திருந்தார்கள்.

கொட்டாங்கச்சிக்கு வருவோம். குதிரைக் குளம்பு நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது. கடினமான விளிம்பு, உள்வாங்கிய அடிப்பக்கம். பாதித் தேங்காய் ஓட்டைக் கவிழ்த்து வைத்தாலும் ஏறக்குறைய அதே அமைப்பு. தரையில் தட்டும்போது உள்ளே சிக்கிய காற்று விளிம்பின் இடுக்கு வழியே ஒரு துடிப்புத் துடித்து அடங்குகிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'ஊம்' என்று வருகிறதே, அதே இயற்பியல்தான். பாட்டில் நீளமாகப் பாடுகிறது, கொட்டாங்கச்சி ஒரே அசையில் முடித்துக்கொள்கிறது. எதன்மேல் தட்டுகிறோம் என்பதும் சேர்ந்து ஒலிக்கும். கல்லில் பட்டால் தொடும் நேரம் மிகக் குறைவு, அதனால் கூர்மையான 'டக்'. மணலில் அந்த நேரம் நீள்கிறது, கூர்மை போய் 'தொப்' ஆகிறது. ஆகவே ஸ்டுடியோவில் தட்டுத் தட்டாக மணல், சரளை, பலகை எல்லாம் இருக்கும். பலகைத் தட்டுக்கு மாறினால் குதிரை பாலத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இத்தோடு முடித்துவிடலாம்தான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் விடவில்லை. ஒரே ஒரு தட்டல் ஓசையை மட்டும் தனியாகக் கேட்டால் அது குதிரையா, கதவா, முருங்கைக்காய் நறுக்கும் பலகையா என்று யாருக்கும் தெரியாது. கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்கும் ரப்பர் கப்பைக்கூட அந்த நாளில் குளம்பாகப் பயன்படுத்தினார்கள். ரப்பருக்கும் குளம்புக்கும் என்ன ஒற்றுமை? அப்படியென்றால் குதிரை எங்கே இருக்கிறது?

தாளத்தில். இன்னும் சரியாகச் சொன்னால், தாளத்தின் நடுவே வரும் மௌனத்தில்.

குதிரை நடக்கும்போது நான்கு கால்களும் தனித்தனியே விழும்: பின்கால், அதே பக்கத்து முன்கால், மறுபக்கத்துப் பின்கால், அதன் முன்கால். சமமான நான்கு அடி. வாயால் சொல்வதானால் 'தகதிமி தகதிமி'. துள்ளு நடையில் குறுக்காக இரண்டிரண்டு கால்கள் ஒன்றாக விழுகின்றன, எனவே 'தக தக'. அதைவிட வேகமாக, ஆனால் முழு ஓட்டத்துக்கு வராத மென்பாய்ச்சலில்தான் வேடிக்கை. முதலில் ஒரு பின்கால், அடுத்து குறுக்கு ஜோடி ஒன்றாக, கடைசியாக ஒரு முன்கால். மூன்றே அடி. அப்புறம் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. 'தகிட', மௌனம், 'தகிட', மௌனம். நாலுகால் பாய்ச்சலில் நான்கு அடிகள் நெருக்கியடித்து விழுந்து, பிறகு அதே மௌனம். இந்தச் சுற்று முழுவதும் ஏறக்குறைய அரை நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

அந்த மௌனத்தில் குதிரை என்ன செய்கிறது? பறக்கிறது. நான்கு கால்களும் காற்றில். கண்ணால் பார்த்து இதை நிச்சயம் செய்ய முடியாமல் வெகுகாலம் வாதம் நடந்தது. 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதை ஓரமாகக் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை ஓடும்போதே ஒவ்வொன்றும் படமெடுக்கும்படி செய்தார். கால்கள் தரையில் இல்லை என்று படம் காட்டியது. அதுவும் ஓவியர்கள் வரைந்ததுபோல் முன்னும் பின்னும் விரித்த நிலையில் இல்லை, வயிற்றுக்குக் கீழே மடக்கிய நிலையில். கண்ணுக்குச் சிக்காத அந்தக் கணத்தைக் காது எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஒரு வெற்றிடமாக. மைபிரிட்ஜ் படமெடுத்த காலமும் 'கன்ஸ்மோக்' கதை நடக்கும் காலமும் ஒன்றே என்பது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

ஒலி விளைவுக்காரருக்கு இரண்டு கை, குதிரைக்கு நான்கு கால். ஆனால் மென்பாய்ச்சலுக்கு மூன்று தட்டும் ஒரு நிறுத்தமும் போதும். வலது, இடது, வலது, நிறுத்து. மிச்சக் காலைக் கேட்பவரின் மூளை போட்டுக்கொள்கிறது. கொட்டாங்கச்சிகூடத் தேவையில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. 1933இல் டெட்ராய்ட்டின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். வானொலி நிலையத்தில் தொடங்கிய 'தி லோன் ரேஞ்சர்' நாடகம், இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் 'வில்லியம் டெல்' இசையோடு ஆரம்பிக்கும். அது 1829ஆம் ஆண்டின் ஒரு ஆபெராவுக்கு எழுதிய முன்னிசை. ட-ட-டம், ட-ட-டம், ட-ட-டம்-டம்-டம். டிரம்பெட்டும் வயலினும்தான், ஆனாலும் கேட்கிறவனுக்குக் குதிரை ஓடும்.

சத்தத்தின் குணத்தைவிடக் கால இடைவெளியைக் காது நம்புகிறது என்பதை 1984இல் வாரன், வெர்ப்ரூக் என்ற இரு ஆய்வாளர்கள் அழகாகக் காட்டினார்கள். பாட்டில் கீழே விழும் சத்தத்தை வைத்து, அது குதித்ததா உடைந்ததா என்று ஆட்களைக் கேட்டார்கள். எளிதாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு தந்திரம். உடைந்த பாட்டிலின் துண்டுகளைத் தனித்தனியே பதிவு செய்து, எல்லாத் துண்டும் ஒரே தாளத்தில் குதிப்பதுபோல் அடுக்கினார்கள். உடைந்த கண்ணாடியின் சத்தம்தான், ஆனால் பெரும்பாலோர் "குதிக்கிறது" என்றார்கள். அதே சத்தங்களை ஒவ்வொன்றும் தன் போக்கில் குதிக்கும்படி கலைத்துப் போட்டதும் "உடைந்தது" என்றார்கள்.

பாட்டிலைக் கீழே போட்டுச் சத்தம் கேட்பதற்கா ஆராய்ச்சிப் பணம் என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். நம் ஊர் நிதிக்குழு முன்னால் இந்த விண்ணப்பம் வந்திருந்தால் காபி ஆறுவதற்குள் திருப்பி அனுப்பியிருப்பார்கள். "சமூகப் பயன்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? எனக்கோ, காது எதை வைத்து எதை முடிவு செய்கிறது என்று தெரியாமல் நல்ல காதுக்கருவி செய்ய நினைப்பதுதான் வீண் செலவாகத் தெரிகிறது.

ராத்திரியில் அய்யனார் குதிரையேறி ஊரைச் சுற்றுவார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். குளம்புச் சத்தத்தைக் கேட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்களை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். காற்றில் ஏதோ ஒரு தகரம் மூன்று தட்டுத் தட்டி நிறுத்தியிருக்கும், மிச்சத்தைக் காது முடித்து வைத்திருக்கும். அதைச் சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் வாங்குகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இதை எழுதுமுன் சட்னிக்கு உடைத்த தேங்காயின் இரண்டு மூடியையும் சுரண்டி எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். முதலில் சமமாகத் தட்டினேன். டக், டக், டக், டக். அடுக்களையிலிருந்து அம்மா, "வாசல்ல யாருன்னு பாருடா" என்றார். அடுத்து 'தகிட', நிறுத்தம், 'தகிட', நிறுத்தம். முதலில் கை தடுமாறியது. நிறுத்தத்தில் கையைச் சும்மா வைத்திருப்பதுதான் கஷ்டம். பத்துப் பதினைந்து தடவையில் பிடிபட்டது. அம்மா எட்டிப் பார்த்தார். "குதிரையா ஓட்டறே?"

ஒன்று பாக்கி இருந்தது. ஓடிவந்த குதிரை நிற்கும்போது சட்டென்று நிற்காது. வேகம் குறைந்து, நடையாகி, நின்ற பிறகும் எடையை மாற்றிக்கொள்ள ஒரு காலை எடுத்து வைக்கும். தாளத்தில் சேராத, தாமதமான ஒரே ஒரு அடி. அதையும் செய்து பார்த்தேன். தகிட, தகிட, தக, தக, டக். நிறுத்தினேன். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிவிட்டு இடது கையால் மெல்ல ஒரு 'டொக்'.

"நின்னுடுச்சுல்ல," என்றார் அம்மா அடுக்களையிலிருந்து. "அந்த ஓட்டைக் குப்பையில போடாதே, அடுப்புக்கு ஆகும்."