இன்றியமையாக் கனிமம்

பொருளாதாரத்துக்கு மிகவும் தேவையான, ஆனால் வரத்து நின்றுபோகக்கூடிய கனிமத்தை ஆங்கிலத்தில் 'கிரிட்டிக்கல் மினரல்' என்கிறார்கள். அதை முக்கியக் கனிமம், அரிய கனிமம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். இதில் 'அரிய' என்பது பொருந்தவே பொருந்தாது. இந்திய அரசு 2023 ஜூனில் வெளியிட்ட 30 கனிமங்களின் பட்டியலில் செம்பு உண்டு, உரத்துக்கான பொட்டாஷும் உண்டு. 'ரேர் எர்த்' எனப்படும் அருமண் தனிமங்கள் அந்த முப்பதில் ஒரு வரி, அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் 'கிரினெய்ன்' என்றால் பிரித்தறிதல், தீர்ப்பளித்தல். நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று தெரிந்துவிடும் கட்டத்தை அந்நாட்டு மருத்துவர்கள் 'கிரிசிஸ்' என்றார்கள். 'கிரிட்டிக்கல்' அந்த வழியில் வந்தது. போருக்கான மூலப்பொருள்களைச் சேமித்துவைக்க அமெரிக்கா 1939இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நம் இயற்பியல் பாடநூல்களில் இதே சொல் 'மாறுநிலை' ஆகிறது. கனிமத்துக்கு அது ஒட்டாது.

இன்று ஒரு கனிமம் பட்டியலில் ஏற இரண்டு கேள்விகளைத் தாண்ட வேண்டும்: பொருளாதாரத்துக்கு எவ்வளவு தேவை? வரத்து நின்றுபோகும் ஆபத்து எவ்வளவு? இந்தியச் சுரங்க அமைச்சகத்தின் குழு முதலில் பிற நாடுகளின் பட்டியல்களைப் பார்த்தது, பிறகு மற்ற அமைச்சகங்களைக் கேட்டது, அப்புறம்தான் கணக்குப் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில், உற்பத்தி செய்யும் ஒவ்வொரு நாட்டின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவது ஒரு படி. பத்து நாடுகள் பத்துப் பத்து சதவீதம் தந்தால் விடை 1,000. ஒரே நாடு முழுவதையும் தந்தால் 10,000. எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். மாற்றுப் பொருளும் மறுசுழற்சியும் இருந்தால் ஆபத்து குறையும்.

கேலியம் என்ற உலோகம் நல்ல உதாரணம். அலுமினியத் தாதுவான பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது துணையாகக் கிடைப்பது அது. இந்தியாவில் பாக்சைட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உலகக் கேலியத்தில் பெரும்பகுதியைப் பிரித்தெடுப்பது சீனா. 2023 ஆகஸ்ட் முதல் அதன் ஏற்றுமதிக்கு அங்கே உரிமம் வேண்டும். மண்ணில் இருப்பதும் கையில் இருப்பதும் வேறு வேறு.

தமிழில் 'இன்றியமையாக் கனிமம்' என்றே எழுதலாம். அதில் வரத்து ஆபத்து தெரியவில்லை என்பது உண்மைதான். இரும்பும் இன்றியமையாததே, ஆனால் பட்டியலில் இல்லை. இருந்தாலும் 'முக்கிய'வைவிட அழுத்தமானது. 'கிரிட்டிக்க'லோடு சேர்ந்து வரும் 'ஸ்ட்ராட்டஜிக்' என்பதற்கு 'உத்திசார்' போதும்.

எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது 'இன்றியமையா, உத்திசார் கனிமங்கள்' 24 தனியாகப் பட்டியலிடப்பட்டன. அவற்றின் சுரங்கக் குத்தகையை ஒன்றிய அரசுதான் ஏலம் விடும். வருவாய் மாநிலத்துக்குப் போகும். செம்பு முப்பதில் உண்டு, இந்த 24இல் இல்லை.