எட்டுக்கால் பூச்சியும் ஓடிப்போகும் பழக்கமும்

இலங்கை மலையகத்தின் பசறைப் பக்கத்தில் மார்கழி மழை பிடித்துக்கொண்டதும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிலாற்று விறகை நனையாமல் குசினிக்குள் அடுக்கிவிடுவோம். இரண்டு நாள் சென்றதும் அடுப்புக்கு மேலுள்ள புகைபடிந்த சுவரில், உள்ளங்கையளவான, தட்டையான, மண்ணிற எட்டுக்கால் பூச்சி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டவுடன் நான் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு ஓடிவிடுவேன். யாராவது தும்புத்தடியால் அடித்து, "செத்துப்போச்சு, வா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்ப உள்ளே வருவேன். ஏறத்தாழ முப்பது வருடம் இப்படியே போனது. அந்த முப்பது வருடத்தில் என் பயம் நூலளவும் குறையாமல் இருந்ததற்குக் காரணம் பூச்சியில் இல்லை, என் ஓட்டத்தில்தான் இருந்தது என்பதைப் பயத்தைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கிய பிறகே விளங்கிக்கொண்டேன்.

நம் மூளையின் இரு பக்கங்களிலும், காதுக்குச் சற்று உள்ளே, வாதுமைக்கொட்டை வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உள்ளது. கண் கண்டதை இன்னதென்று மூளையின் மேற்புறணி ஆற அமரப் பகுத்துணர்வதற்குள், அந்தக் காட்சியின் மங்கலான பிரதியொன்று குறுக்குவழியாக அமிக்டலாவை எட்டிவிடுகிறது என்ற விளக்கத்தை ஜோசப் லெடூ என்ற அமெரிக்க நரம்பியலாளர் முன்வைத்தார். ஆபத்து என்று அமிக்டலா எடுத்துக்கொண்டால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, காலின் தசைகள் ஓடத் தயாராகின்றன. சுவரில் இருந்தது பூச்சியல்ல, ஈரக்கசிவின் கறைதான் என்று மேற்புறணி தீர்ப்புச் சொல்லும்போது நாம் ஏற்கெனவே வாசற்படியில் நிற்கிறோம். இந்த முதல் துள்ளலை யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அது நம் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு நிகழ்வதில்லை.

அதற்கு அடுத்த கணத்தில் நடப்பதுதான் கவனிக்கத்தக்கது. இஸ்தோப்புக்கு வந்ததும் படபடப்பு அடங்கி, உடம்பெங்கும் ஓர் ஆறுதல் பரவுகிறது. ஓ. எச். மௌரர் என்ற உளவியலாளர் 1947இல் சுட்டிக்காட்டியபடி, அந்த ஆறுதலே ஓட்டத்துக்குக் கிடைக்கும் கூலி. கூலி கிடைத்த வேலையை மூளை மறுபடியும் செய்யும். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றும் உண்டு: ஓடாமல் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மூளை ஒருபோதும் அறிந்துகொள்வதில்லை. பூச்சி என்மேல் பாயாததற்குக் காரணம் நான் ஓடியதுதான் என்று அது கணக்கு எழுதிவைக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தப் பொய்க்கணக்குக்கு மேலும் ஒரு சாட்சி சேருகிறது.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. வியன்னாவிலும் லைப்சிக்கிலும் உள்ள ஆய்வாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சிலந்திகளின் படங்களையும் பூக்களின் படங்களையும் காட்டி 2017இல் வெளியிட்ட ஆய்வில், சிலந்தியைக் கண்டபோது குழந்தைகளின் கண்பாவை கூடுதலாக விரிந்தது தெரியவந்தது. கண்பாவை விரிவது உடம்பு உஷாராவதன் அடையாளம். பயம் என்று அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்துப் பயப்படப் பழகுவது எளிது என்பதில் உயிரினங்களுக்கு ஒரு பிறவிச் சாய்வு இருப்பதற்கு வேறு சான்றும் உண்டு. சூசன் மினெக்காவும் மைக்கல் குக்கும் 1980களில் செய்த பரிசோதனைகளில், ஆய்வுகூடத்தில் வளர்ந்த, பாம்புக்குப் பயப்படாத குரங்குகள், வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு மிரளும் காட்சியைப் பார்த்த மாத்திரத்தில் தாமும் பயப்படக் கற்றுக்கொண்டன. அதே மிரட்சியைப் பூவைக் கண்டு ஏற்பட்டதுபோல் ஒளிநாடாவில் ஒட்டிக் காட்டியபோது அவை பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது என் தங்கச்சியின் மகள்தான். நாலு வயது வரைக்கும் ஒட்டடையைக் குச்சியில் சுற்றி விளையாடிய பிள்ளை, நான் ஓடுவதை இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகு, "பெரியம்மா, பூச்சி!" என்று எனக்கு முன்னதாக ஓடத் தொடங்கிவிட்டாள். அவளை எந்தப் பூச்சியும் கடித்ததில்லை. பயத்தை நான் என் கையாலேயே எடுத்துக்கொடுத்திருக்கிறேன்.

பயம் கண்ணையும் ஏமாற்றுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வொன்றில், சிலந்திப் பயம் உடையவர்கள் உயிருள்ள பெரிய சிலந்திகளுக்கு அருகில் சென்றபின் அவற்றின் அளவை மதிப்பிட்டுக் கோடு வரைந்தார்கள். பயம் கூடக் கூட, வரைந்த கோடும் நீண்டது. ஆகவே "தட்டளவு இருந்திச்சு" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் நினைவில் அது அவ்வளவு பெரிதாகத்தான் பதிந்திருக்கும்.

ஆகையால் அந்தப் பூச்சியின் மெய்யான அளவையும் அதன் நடமாட்டத்தையும் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. நம் வீட்டுச் சுவரில் வரும் அந்தத் தட்டையான பூச்சிக்கு அறிவியலில் ஹெட்டரோபோடா வெனடோரியா என்று பெயர். வெப்ப நாடுகள் எங்கும் வீடுகளில் வாழும் வேட்டைச் சிலந்தி அது. காலை விரித்தால் பத்து சென்ரிமீற்றருக்கும் சற்று மேலே போகலாம். உடல் என்னவோ இரண்டு, மூன்று சென்ரிமீற்றர்தான். இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. இரவில் சுற்றித் திரிந்து கரப்பான் முதலியவற்றைப் பிடித்துத் தின்கிறது. சில காலங்களில் பெண் பூச்சி தன் நெஞ்சுக்கடியில் வெள்ளை வட்டத்தட்டு ஒன்றை இறுக அணைத்துக்கொண்டு திரிவதைக் காணலாம். அது முட்டைப் பை. அதைச் சுமக்கும் தாய் தும்புத்தடியைக் கண்டாலும் எளிதில் கீழே போடாது.

அதன் ஓட்டம்தான் பலரையும் நடுங்கவைக்கிறது. சிலந்தியின் கால்களை மடக்கத் தசை உண்டு. ஆனால் கால்களின் முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டுவதற்கான தசையே இல்லை. உடலின் முன்பகுதியிலிருந்து இரத்தத்தை அழுத்திக் காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால்கள் எல்லாம் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பதற்குக் காரணம், அழுத்தம் போனபின் மடக்கும் தசைகள் மட்டும் எஞ்சுவதுதான். இந்த ஏற்பாட்டில் நெடுந்தூரம் ஓட முடியாது. சிறிது தூரம் பாய்ந்தோடும், பின் அசையாமல் நின்றுவிடும். நிற்பதைப் பார்த்து, "நம்மைக் குறிவைக்கிறது" என்று நான் நினைத்த காலம் உண்டு. அது களைத்து நிற்கிறது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது. கால்களிலுள்ள மெல்லிய மயிர்கள் காற்றின் சிறு அசைவையும் உணர்பவை. நாம் துடைப்பத்தை ஓங்கும்போது எழும் காற்று அடி விழுவதற்கு முன்பே அதை எட்டிவிடுகிறது. அது ஓடும் திசையில் நம் கால் இருந்தால், நம்மைத் தேடி வந்ததாகத் தோன்றும். அது தேடுவது இருட்டான இடுக்கை. வெளிச்சமுள்ள குசினியில் ஒரு மனிதரின் நிழலும் சப்பாத்தும் நல்ல இடுக்குகள்.

எல்லாச் சிலந்தியும் சாதுவானது என்று சொல்லிவிடுவதும் முறையல்ல. இலங்கையில் புலிமுகச் சிலந்தி என்று அழைக்கப்படும் பொசிலோதீரியா இனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான பொசிலோதீரியா சப்ஃபஸ்கா மத்திய மலைநாட்டுக்கே உரியது. மரப்பொந்துகளில் வாழும் இவை தடித்த உடலும் மயிரடர்ந்த காலும் கொண்டவை. சில வேளைகளில் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். கடித்தால் கடுமையான வலியோடு தசைப்பிடிப்பும் ஏற்படலாம். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சுவரில் ஒட்டித் திரியும் மெல்லிய, தட்டையான வேட்டைச் சிலந்தியையும் இதையும் இரண்டு தடவை படத்தில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. மறுபுறம், "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்று நம் ஊரில் சொல்லப்படும் நீளக்கோடான எரிச்சல் கொப்புளங்கள் பலவற்றுக்குச் சிலந்தி பொறுப்பல்ல. பெடரஸ் என்னும் சிறிய செம்மஞ்சள்-கறுப்பு வண்டு மின்விளக்கு வெளிச்சத்துக்கு வந்து கழுத்திலோ கையிலோ நசுங்கும்போது அதன் உடல்நீரிலுள்ள நச்சு தோலை அப்படிச் சுட்டுவிடுகிறது. தமிழில் புண்ணுக்கும் கட்டிக்கும்கூடச் சிலந்தி என்று பெயர் இருப்பதால் அந்தப் பழி எளிதில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

இனி, பயத்தைக் குறைக்கும் வழி. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுக்குட்பட்ட சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்து, அவன் உண்ணும் வேளையில் முயலை நாளுக்கு நாள் சற்றே அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். ஜோசப் வொல்பி 1958இல் இதை ஒரு முறையான சிகிச்சையாக விரித்தெழுதினார். சுவீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், ஒரே அமர்வில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில், இத்தகைய பயங்களுக்குச் சிகிச்சையளிக்கும் முறையை 1989இல் விளக்கினார். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பயந்ததை அணுகுவது, ஓடாமல் நிற்பது.

நின்றால் மூளைக்குள் என்ன மாறுகிறது என்பதில் அண்மைக்கால விளக்கம் முன்னையதிலிருந்து வேறுபட்டது. பழைய பயம் அழிக்கப்படுவதில்லை. "சிலந்தி என்றால் ஆபத்து" என்ற பழைய பதிவுக்குப் பக்கத்தில், "சிலந்தி வந்தது, ஒன்றும் நடக்கவில்லை" என்ற புதிய பதிவு எழுதப்படுகிறது. நெற்றிப்புற மூளையின் ஒரு பகுதி அதைக்கொண்டு அமிக்டலாவை அடக்கிவைக்கிறது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையில் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் புதிய பதிவும் அழுத்தமாக விழும். அதனால், ஆரம்பிக்கும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறோமோ அதை எழுதிவைப்பது பயனுள்ளது. நான் ஒரு கொப்பியில் எழுதிய முதல் வரி: "பத்தடி தூரத்தில் நின்றால் ஐந்து நிமிடத்துக்குள் என்னை நோக்கிப் பாயும், நிச்சயம் 90 வீதம்." ஐந்து நிமிடம் நின்றேன். பூச்சி ஒரு காலைத் தூக்கி வாயருகே கொண்டுபோய்த் துடைத்துக்கொண்டது. அவ்வளவுதான். மறுநாள் எட்டடி, பிறகு ஐந்தடி. ஒரு கட்டத்தில், கண்ணாடிக் கிளாஸால் அதை மூடி, பழைய கலண்டர் மட்டையைச் சுவருக்கும் கிளாஸுக்கும் இடையே மெதுவாகச் செருகி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கொண்டுபோய் விட்டேன். மட்டையைச் செருகும்போது கால் நசுங்காமல் பார்ப்பதற்கே கவனம் முழுதும் போய்விட்டதால், பயப்பட நேரம் கிடைக்கவில்லை.

இதில் இரண்டு பிழைகளை நானும் செய்தேன். ஒன்று, ஒரு கையில் சப்பாத்தை வைத்துக்கொண்டு நின்றது. அப்போது ஒன்றும் நடக்காததற்குச் சப்பாத்துத்தான் காரணம் என்று மூளை கணக்கெழுதிவிடும். மற்றது, குசினியில் மட்டுமே பழகியது. புதிய பதிவு இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. குசினியில் அசையாமல் நின்ற நான் மலசலகூடத்தில் அதே பூச்சியைக் கண்டு அலறினேன். இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பழக வேண்டும்.

மனதைத் தேற்றிக்கொள்ள "பயமில்லை, பயமில்லை" என்று சொல்லிக்கொள்வதைவிட, உள்ளதை உள்ளபடி சொல்வது நல்லது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், பெரிய உயிர்ச்சிலந்தியை நெருங்கும்போது "இந்த அருவருப்பான, பயங்கரமான சிலந்தியைக் கண்டு எனக்கு நடுக்கமாக இருக்கிறது" என்பதுபோல வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு, ஒரு வாரம் கழித்து மறுபடி சிலந்தியைச் சந்தித்தபோது, மற்றக் குழுக்களைவிடக் கை வியர்ப்பது குறைந்திருந்தது. அருவருப்பு என்ற சொல் அதில் இருப்பது தற்செயல் அல்ல. சிலந்திப் பயத்தில் பாதி அருவருப்பு. அது பயத்தைவிட மெதுவாகத்தான் இறங்கும். பயம் போனபின்னும் தொட மனமில்லை என்றால் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்.

வீட்டில் சில ஏற்பாடுகள் செய்துகொள்வதில் தவறில்லை. மிலாற்றைக் குசினிக்கு வெளியே தாழ்வாரத்தில் அடுக்கலாம். கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பில் கட்டும் படங்கையும் சப்பாத்தையும் போடுமுன் ஒருமுறை உதறலாம். இரவில் வாசல் விளக்கை அணைத்துவைத்தால் வெளிச்சத்துக்கு வரும் சிறு பூச்சிகள் குறையும், அவற்றைத் தின்ன வரும் சிலந்தியும் குறையும். ஆனால் படுக்குமுன் தலையணையை நாலு தடவை புரட்டுவதும், டோர்ச் அடித்துக் கூரையின் மூலை மூலையாகத் தேடுவதும் அந்த ஓட்டத்தின் இன்னொரு வடிவம். உதறுவது ஒருமுறையோடு முடிகிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். பயத்தால் தூக்கம் கெட்டு, வீட்டின் ஒரு பகுதிக்குள் போகவே முடியாத நிலையில் உள்ளவர்கள் தனியே போராட வேண்டியதில்லை. பதுளை, நுவரெலியா போன்ற இடங்களின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன; தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பழைய பதிவு அழிவதில்லை என்று சொன்னேன் அல்லவா? போன மாதம் காம்பராக் கதவு நிலையில் முழுப் பூச்சி ஒன்று தொங்குவதைக் கண்டு நெஞ்சு ஒருமுறை துள்ளிவிட்டது. பல மாதங்களாக எதையும் காணாத இடைவெளியில் பயம் இப்படி எட்டிப்பார்ப்பது வழக்கம்தான். அருகில் போய்ப் பார்த்தேன்: வளரும் சிலந்தி கழற்றிவிட்டுப் போன தோல். எட்டுக் காலும், காலின் மயிரும்கூட அப்படியே இருக்க, உள்ளே ஒன்றும் இல்லை. உடையாமல் எடுத்து நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் போட்டிருக்கிறேன். தைப்பொங்கல் லீவுக்குத் தங்கச்சி மகள் வருகிறாள். முதல் நாள் பெட்டியை மூடியபடி மேசையில் வைப்பதாகத் திட்டம்.