பண்பாட்டு மூலதனம்: பிரான்சில் ஒரு பொருள், இங்கிலாந்தில் வேறொன்று

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் நன்றாகப் படிப்பதற்குப் பணம் மட்டும்தானா காரணம்? பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு இந்தக் கேள்விக்குச் சொன்ன விடைதான் பண்பாட்டு மூலதனம். 1979இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் அதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். உடம்பில் ஊறியது முதலாவது: பேச்சு, ரசனை, பெரியவர்களிடம் தயங்காமல் கேள்வி கேட்கும் பழக்கம். பொருளாக இருப்பது அடுத்தது: புத்தகம், ஓவியம், பியானோ. மூன்றாவது, பட்டமும் சான்றிதழும். பியானோவைக் கடையில் வாங்கிவிடலாம். வாசிக்கும் விரல்களை வாங்க முடியாது. அதற்கு ஆண்டுக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஒதுக்க எந்த வீட்டுக்கு வசதி இருக்கிறது என்ற இடத்தில்தான் பணம் உள்ளே வருகிறது.

அவர் வாதத்தின் கூர்மை இங்கே இருக்கிறது. பள்ளி சிலவற்றைச் சொல்லித் தருவதில்லை, ஆனால் எதிர்பார்க்கிறது. வீட்டிலேயே கற்றுவந்த பிள்ளை அதைக் காட்டும்போது 'இயல்பான திறமை' என்று மதிப்பெண் போடுகிறது.

அமெரிக்காவில் சமூகவியலாளர் அன்னெட் லாரோ கவனித்த ஒரு காட்சி இதைத் தெளிவாக்கும். மருத்துவரைப் பார்க்கப் போகும் வழியில், என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொள் என மகனிடம் சொல்கிறார் ஒரு நடுத்தர வர்க்கத் தாய். அவனும் கேட்கிறான். அதே பழக்கம் வகுப்பறையில் அவனுக்குக் கைகொடுக்கும்.

இங்கிலாந்தில் சொல்லின் பொருள் மாறிவிட்டது. பள்ளிகளைச் சோதிக்கும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு 2019 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆய்வு நெறிமுறையில் இது இடம்பெற்றது. மாணவர் படித்த குடிமக்களாவதற்குத் தேவையான அடிப்படை அறிவு, மனிதர் சிந்தித்ததிலும் சொன்னதிலும் மிகச் சிறந்தவற்றின் அறிமுகம் என்பது அதற்கான ஆய்வுக் கையேடு தந்த விளக்கம். தேசியப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்த வரி அது. அதன் மூலமோ 1869இல் ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான மாத்யூ ஆர்னால்டு எழுதியது. (ஆர்னால்டும் பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தவர்தான்!) பூர்தியு கேட்டது, 'சிறந்தது' எது என்று முடிவு செய்வது யார் என்பதை. அந்த 2019 நெறிமுறையில் அந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை.

ஆய்வாளர் வருவார் என்றதும் பல பள்ளிகள் இதை ஒரு பட்டியலாக்கின: ஒரு நாடகம், ஓர் அருங்காட்சியகம், ஒரு கடற்கரை. போய்வந்தால் டிக். அருங்காட்சியகங்களுக்கு யார் வருகிறார்கள் என்று பூர்தியுவே ஆராய்ந்து 1966இல் வெளியிட்டிருக்கிறார். படிப்பு கூடக் கூட வருகையும் கூடுகிறது. நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் அது சரியாகிவிடாது, பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆகவே சுற்றுலா போவதென்றால், முந்தைய வாரமே இரண்டு மூன்று பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் காலம், பயன், பேசத் தேவையான சொற்கள் ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். கூடத்துக்குக் கூடம் ஓடி ஒர்க்‌ஷீட் நிரப்புவதில் ஒன்றும் ஒட்டாது.

அதைவிட, வினாத்தாளைப் பார்ப்பது பயன் தரும். 'விவாதிக்க' என்றால் இரு தரப்பையும் எழுதி, எடைபோட்டு, ஒரு முடிவுக்கு வர வேண்டும். இது தெரியாத மாணவர் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார். பாடம் தெரியாமல் இல்லை. ஒரு மாதிரி விடையைப் பலகையில் எழுதி, எந்த வரி எந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினால் ஒரு பாடவேளையில் முடிகிற காரியம்.

இன்னொரு தவறு, ஏழை மாணவரை வெற்றுப் பாத்திரமாகப் பார்ப்பது. 2005இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் டாரா யோசோ இதை மறுத்து, விளிம்புநிலைச் சமூகங்களிடம் உள்ள பல மொழித் திறன், குடும்ப நினைவு, எதிர்த்து நிற்கும் ஆற்றல் உட்பட ஆறு வகைச் செல்வங்களை எடுத்துக்காட்டினார்.

தமிழில் கலாச்சார மூலதனம், பண்பாட்டு மூலதனம் என்ற இரண்டும் வழங்குகின்றன. 'கேப்பிடல்' என்பதன் வேர் தலையைக் குறிக்கும் லத்தீன் சொல். 'கைமுதல்' என்பதிலுள்ள 'முதல்' அதற்கு நெருக்கமானது. ஆனாலும் பொருளியலில் மூலதனம் நிலைத்துவிட்டதால் பண்பாட்டு மூலதனம் என்றே எழுதலாம். ஓர் எச்சரிக்கை: பேச்சுவழக்கில் 'பண்பாடு இல்லாதவன்' என்பது வசை. அதனால் 'பண்பாட்டு மூலதனம் இல்லாத மாணவர்' என்று அறிக்கைகளில் எழுதக் கூடாது. 'பள்ளி மதிக்கும் பண்பாட்டு மூலதனம் குறைவாகக் கிடைத்த மாணவர்' என்பது நீளம்தான், ஆனால் சரி.