அஞ்சலோட்டத்தில் அந்த ஒரு மீற்றர்

களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் பாடசாலையின் 4×100 மீற்றர் அஞ்சலோட்ட அணியில் இரண்டாவதாக ஓடுபவர். "எங்கட நாலு பேரில ஒருத்தரும் 100 மீற்றரை 11.8 செக்கனுக்குக் கீழ ஓடினதில்லை. நாலு பேரின்ர நேரத்தையும் கூட்டினால் 47.6 வருது. ஆனா வலயமட்டப் போட்டியில 45.4க்கு ஓடி, தனித்தனியா எங்களை விட வேகமான ஒரு அணியை வென்றுட்டம். கோல் மாற்றம்தான் காரணம் எண்டு சேர் சொல்றார். அம்மா, தான் வச்ச நேர்த்தி எண்டு சொல்றா. எது சரி?"

நேர்த்தி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த 2.2 செக்கன் எங்கே போனது என்று பார்ப்போம்.

இது உங்கள் அணிக்கு மட்டும் நடந்த அதிசயமல்ல. ஆண்கள் 4×100 உலக சாதனை 36.84 செக்கன், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமெய்க்கா ஓடியது. நாலால் வகுத்தால் ஆளுக்கு 9.21. தனி ஆளாக உசைன் போல்ட்டே 2009இல் பெர்லினில் ஓடியது 9.58. அந்த அணியில் ஓடிய காட்டர், பிரேட்டர், பிளேக், போல்ட் நால்வரின் வாழ்நாள் சிறந்த நேரங்களைக் கூட்டினால் 38.93 வரும். அவர்களும் இரண்டு செக்கனுக்குச் சற்று மேல் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

பெர்லினில் போல்ட் முதல் 10 மீற்றரைக் கடக்க 1.89 செக்கன் எடுத்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு உடம்பு அசைவதற்கு எடுத்த 0.146 செக்கனும் அதற்குள் அடக்கம். அதே போல்ட் 60இலிருந்து 70 மீற்றர் வரையான 10 மீற்றரை 0.81 செக்கனில் ஓடினார். நின்ற நிலையிலிருந்து வேகம் எடுப்பதுதான் 100 மீற்றரில் மிகவும் செலவான பகுதி. அஞ்சலோட்டத்தில் கோல் ஒரே ஒரு தடவைதான் நின்ற நிலையிலிருந்து புறப்படுகிறது. மற்ற மூவரும் ஓடிக்கொண்டே வாங்குகிறார்கள். சரி, இவ்வளவும் நீங்களே யோசித்திருப்பீர்கள்.

ஆனால் இந்த லாபம் எல்லா அணிக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தனித்தனியாக வேகமான அணி உங்களிடம் தோற்றது அதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

கோல் மாற்றும் பிரதேசம் இப்போது 30 மீற்றர். 2017 இறுதி வரை 20 மீற்றரும், அதற்கு முன்னால் வேகம் எடுக்க ஒரு 10 மீற்றரும் தனித்தனியாக இருந்தன. பிறகு இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். இந்த 30 மீற்றருக்குள் கோல் கைமாறி முடிய வேண்டும். கால் எங்கே இருக்கிறது, உடம்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. கோல் இருக்கும் இடம்தான் கணக்கு. வாங்குபவர் பிரதேசத்தின் தொடக்கத்தில் நிற்கிறார். அவருக்குப் பின்னால், கொடுப்பவர் வரும் வழியில், தரையில் ஓர் அடையாளம் இருக்கிறது. கொடுப்பவரின் கால் அந்த அடையாளத்தைத் தொட்டதும் வாங்குபவர் முன்னால் பார்த்து, முழுப் பலத்தோடு, தான் கோல் வாங்கப் போகிறவர் என்பதையே மறந்து ஓட வேண்டும். "கை!" என்று சத்தம் கேட்டால் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

அந்த அடையாளத்தை எங்கே போடுவது? ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். உங்கள் வேகத்தில் ஓடும் பிள்ளைகளுக்குப் பொருந்துகிற மாதிரிச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். கொடுப்பவர் தன் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் செக்கனுக்கு 8.8 மீற்றர் வேகத்தில் வருகிறார். வாங்குபவர் நின்ற இடத்திலிருந்து 25 மீற்றர் ஓட 3.6 செக்கன் எடுக்கிறார். கோல் கைமாறும்போது இருவருக்கும் இடையில், இரண்டு கைகளும் நீண்டிருக்க, 1 மீற்றர் இடைவெளி. அந்த 3.6 செக்கனில் கொடுப்பவர் 31.7 மீற்றர் ஓடியிருப்பார். ஆனால் அவர் வந்து சேர வேண்டிய இடம், வாங்குபவர் நின்ற புள்ளியிலிருந்து 24 மீற்றர்தான். மிச்சம் 7.7 மீற்றர். அடையாளம் அங்கே. 28 சென்ரிமீற்றர் பாதம் உள்ள பிள்ளைக்கு அது ஏறத்தாழ 27 அடித்தடம்.

இப்போது அந்த இடைவெளி குறைந்துகொண்டு வருவதை உற்றுப் பார்ப்போம். வாங்குபவர் புறப்படும்போது இருவருக்கும் இடையில் 7.7 மீற்றர். தொடக்கத்தில் கொடுப்பவர் பாய்ந்து நெருங்குவார், ஏனென்றால் வாங்குபவர் இன்னும் வேகம் பிடிக்கவில்லை. 15ஆவது மீற்றருக்கு வரும்போது வாங்குபவரின் வேகம் 7.7 அளவுக்கு ஏறியிருக்கும்; இடைவெளி 1.6 மீற்றருக்குச் சுருங்கியிருக்கும். அங்கிருந்து 25ஆவது மீற்றர் வரை வாங்குபவருக்கு 1.2 செக்கன் வேண்டும். அந்த நேரத்தில் கொடுப்பவர் 10.6 மீற்றர் வருவார். அதாவது பத்து மீற்றர் ஓடி இருவரும் நெருங்கியது வெறும் 60 சென்ரிமீற்றர். வேகங்கள் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டதால் நெருங்குவது ஊர்ந்து போகிற மாதிரி ஆகிவிடுகிறது. நடுக்கடலில் ஒரு போட்டிலிருந்து மற்றப் போட்டுக்கு மீன் கூடையை மாற்றுகிறவர்கள் இரண்டு போட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கை நீட்டுவார்கள். இங்கேயும் அதேதான், ஆனால் செக்கனுக்கு எட்டரை மீற்றர் வேகத்தில்.

வேகம் சமமாவது நல்லதுதான். கோல் ஆடாமல் அசையாமல் கைமாறும். ஆனால் அதற்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. வாங்குபவர் 0.1 செக்கன் பிந்திப் புறப்படுகிறார் என்று வையுங்கள். கண் இமைப்பதற்குக்கூட அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அந்த நேரத்தில் கொடுப்பவர் 88 சென்ரிமீற்றர் கூடுதலாக நெருங்கிவிடுவார். ஒழுங்காக ஓடினால் பத்து மீற்றருக்கு மேல் ஓடித்தான் இவ்வளவு இடைவெளி குறையும் என்று இப்போதுதான் கண்டோம். ஆகவே கோல் மாறும் இடம் 25ஆவது மீற்றரிலிருந்து சரிந்து 13, 14ஆவது மீற்றருக்கு வந்துவிடுகிறது. அங்கே வாங்குபவரின் வேகம் ஏழரைதான். 8.8இல் வருகிறவர் ஒன்றில் பிரேக் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் ஓடுபவரின் குதிக்காலை மிதிக்க வேண்டும். பத்தில் ஒரு செக்கன் பிழைத்தால் பத்து மீற்றர் பிழைக்கிறது.

மறுபக்கம் இன்னும் மோசம். 0.1 செக்கன் முந்திப் புறப்பட்டால் 25ஆவது மீற்றரில் இடைவெளி 1.9 மீற்றர், கை எட்டாது. அதற்குப் பிறகு இருவரின் வேகமும் ஒன்றாகிவிடுவதால் அது குறையப் போவதுமில்லை. 30 மீற்றர் முடியும், கொடி உயரும், தகுதிநீக்கம். அதனால்தான் பயந்த அணிகள் அடையாளத்தைக் கிட்டப் போட்டுப் பாதுகாப்பாக மாற்றுகின்றன. கோல் கட்டாயம் கைமாறும், ஆனால் மெதுவாக. 30 மீற்றரை 8.5 வேகத்தில் கோல் கடந்தால் மூன்றரை செக்கன், 7.5 வேகத்தில் கடந்தால் 4 செக்கன். ஒரு மாற்றத்தில் அரைச் செக்கன் என்றால், மூன்று மாற்றத்தில் ஒன்றரை. உங்களிடம் தோற்ற அணி அந்த ஒன்றரையில் பெரும் பங்கைத்தான் பிரதேசங்களுக்குள் கொட்டியிருக்கும்.

அந்த 1 மீற்றர் கை நீட்டலிலும் ஒரு சின்னப் பரிசு இருக்கிறது. அந்த ஒரு மீற்றரை ஒருவரும் ஓடுவதில்லை. கொடுப்பவரின் உடம்பு ஒரு மீற்றர் பின்னால் இருக்கும்போதே கோல் முன்னால் போய்விடுகிறது. மூன்று மாற்றத்துக்கு மூன்று மீற்றர், ஏறத்தாழ 0.3 செக்கன், இனாம். நெருங்கி நின்று கையில் திணிக்கிற அணிக்கு இது கிடைக்காது.

படுவான்கரையில் ஒரு சிறிய அரசாங்கப் பாடசாலையின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல் மைதானம், ஓடுபாதையின் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்து கிடந்தது, கோல் மாற்றும் பிரதேசத்துக்குள் ஒரு கன்றுக்குட்டி மேய்ந்தது. உடற்கல்வி ஆசிரியர் கையில் ஒரு பால்மா ரின் நிறையச் சுண்ணாம்புத் தூள். பிள்ளை குதிக்காலையும் பெருவிரலையும் முட்ட வைத்து அடி அடியாக எண்ணி வர, அவர் முடிகிற இடத்தில் ஒரு சிட்டிகை தூவினார். பிறகு கோலே இல்லாமல் பயிற்சி. கொடுப்பவர் முழு வேகத்தில் ஓடி வருவார். வாங்குபவர் சரியான கணத்தில் புறப்பட்டால் போதும், கை நீட்டவே தேவையில்லை. சேர் இருவரின் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து அந்தச் சுண்ணாம்புப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை புறப்பட்ட பிறகு தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. "திரும்பிப் பாக்காதடா, கோல் வரும்!"

அப்புறம் அவர் செய்த இன்னொரு காரியம். முழு 400 மீற்றருக்கு நேரம் எடுக்கவே இல்லை. கோல் பிரதேசத்துக்குள் நுழையும்போது கடிகாரத்தை அமத்தி, வெளியேறும்போது நிறுத்தினார். எந்த மாற்றத்தில் எவ்வளவு போகிறது என்று அப்போதுதான் தெரியும். முழு ஓட்டத்துக்கு மட்டும் நேரம் பார்க்கிறவருக்கு வருத்தம் தெரியும், வருத்தம் எந்த இடத்தில் என்று தெரியாது.

பணக்கார அணிகளுக்கு இது இலேசு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் 2008 பெய்ஜிங்கில் தகுதிகாண் சுற்றிலேயே கோலைத் தவறவிட்டன. 2016 ரியோவில் மூன்றாவதாக வந்த அமெரிக்க ஆண்கள், முதல் மாற்றத்தில் பிரதேசம் தொடங்குமுன்பே வாங்குபவரின் கை கோலில் பட்டதால் தகுதி இழந்தார்கள். அதே ஓட்டத்தில் 37.60 செக்கனில் வெள்ளி வென்றது ஜப்பான். அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீற்றரை 10 செக்கனுக்குள் ஓடியதில்லை. அவர்கள் கோலைக் கீழிருந்து மேலாகக் கொடுக்கிற முறையைப் பல வருடம் பழகியவர்கள். அந்த முறையில் கை அவ்வளவு நீளாது, இனாம் மீற்றர் கொஞ்சம் குறையும். ஆனால் வாங்குபவரின் ஓட்டம் குலையாது, வேகம் நிற்கும்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நம் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் மெய்வல்லுநர் பயிற்சி என்றாலே, செயற்கை ஓடுபாதை இல்லை, என்ன செய்வது என்ற பேச்சில் முடிந்துவிடுகிறது. ஓடுபாதை வேண்டும்தான். புல்லில் பழகிய பிள்ளை தேசியமட்டத்துக்குப் போய் முதன்முதலாக ரப்பர்த் தரையில் கால் வைப்பது நியாயமில்லை. ஆனால் கோடிக்கணக்கில் பணம் வரும்வரை அளவு நாடா, நாலு கோல், ஒரு நிறுத்தற்கடிகாரம் ஆகியவற்றுக்கு யாரும் காத்திருக்கத் தேவையில்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் பந்தலுக்கும் பிரமுகர் மாலைக்கும் போகிற காசில் ஒரு பங்கு போதும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இறுதி வருடப் பௌதிகவியல் மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியோடு பக்கத்துப் பாடசாலை மைதானத்துக்கு வந்தால், அங்குள்ள பிள்ளைகளின் வேக வரைபை ஒரு பின்னேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம். செக்கனுக்கு 60 படம் பிடிக்கிற சாதாரணத் தொலைபேசியில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கோல் நகர்வது 15 சென்ரிமீற்றர்தான். நமக்கு அது தாராளம். மட்டக்களப்பு நகரத்து மைதானத்துக்கு, புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய வெபர் அடிகளாரின் பெயரை வைத்திருக்கிறோம். பயிற்றுவிப்பாளரின் அருமை தெரிந்த ஊர்தானே இது.

இனி நேர்த்தி. அம்மா வைத்ததை அம்மாவோடு போய்ச் செய்து முடியுங்கள் தம்பி. அதில் எனக்கு வழக்கில்லை. எனக்குக் கோபம் வருவது, கோல் விழுந்தால் "கண்ணூறு பட்டுட்டு" என்று சொல்லி எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டு அடுத்த போட்டிக்கு அதே அடையாளத்தோடு போகிறபோதுதான். கோல் விழுந்ததென்றால் அடையாளம் பிழை, அல்லது புறப்பட்ட கணம் பிழை, அல்லது கை ஆடியிருக்கிறது. மூன்றையும் வீடியோவில் பார்க்கலாம்.

கடைசியாக, சேரிடம் கேட்டுப் பார்க்க ஒரு விஷயம். மைதானம் நனைந்திருந்தால் இருவருமே மெதுவாவார்கள். கொடுப்பவரின் வேகம் குறைகிறது, வாங்குபவரின் நேரம் கூடுகிறது, இரண்டையும் பெருக்கி வருகிற தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. வாங்குபவர் புறப்படும்போது சறுக்கினால் மட்டும் அடையாளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். காற்று அப்படியல்ல. முழு வேகத்தில் வருகிறவரை எதிர்க்காற்று நன்றாகப் பிடிக்கும். அப்போதுதான் புறப்படுகிறவரை அவ்வளவு பிடிக்காது. பின்னேரம் கச்சான் காற்று அடிக்கும்போது, அது கொடுப்பவருக்கு நேரெதிராக வருகிற மாற்றத்தில் அடையாளத்தை ஓர் அடி, ஒன்றரை அடி கிட்டப் போடுங்கள். முதுகுப் பக்கம் தள்ளுகிற மாற்றத்தில் அதே அளவு தூரப் போடுங்கள். காலையில் அளந்த அளவை நம்பிப் பின்னேர இறுதி ஓட்டத்துக்குப் போக வேண்டாம்.